கால்குலஸ் பிசிக்ஸா, டிரிக் பிசிக்ஸா?

கேள்வி: அக்கா, வணக்கம். திருநெல்வேலியில் பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில், பியூர் சயின்ஸ் குரூப் படித்தேன். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டாயிற்று. மாமா ஸ்பான்சர் செய்ததில் கிரீன் கார்டு கிடைத்து குடும்பத்தோடு ஹூஸ்டன் வந்தோம். இப்போது கம்யூனிட்டி காலேஜில் முதல் வருடத்தை முடிக்கப் போகிறேன். பயாலஜி, கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டரும் முடிகின்றன. காலேஜ் அல்ஜீப்ராவிலும் டிரிக்னாமெட்ரியிலும் 'பி' வாங்கியிருக்கிறேன். அடுத்து பிசிக்ஸ். ஃபால் செமஸ்டருக்கு 1401-இல், அதாவது கால்குலஸ் இல்லாத, டிரிக்னாமெட்ரி வழி பிசிக்ஸில், பதிவு செய்து வைத்திருக்கிறேன். மாமா இன்ஜினியர். "கால்குலஸ் இல்லாத பிசிக்ஸ் பிசிக்ஸே இல்லை, 2425 எடு" என்கிறார். கூடப் படிப்பவர்களோ, "மெடிக்கல் போகிறவளுக்கு எதற்கு கால்குலஸ்? 1401 எடுத்து 'ஏ' வாங்கு" என்கிறார்கள். நான் டாக்டராக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் ஆசை, எனக்கும்தான். ஆனால் எங்கள் தாத்தாவுக்கு சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே கால் எடுத்து, ஜெய்ப்பூர் கால் பொருத்தியிருந்தார்கள். சமதரையில் நன்றாக நடப்பார், மாடிப்படி இறங்கும்போது மட்டும் தடுமாறுவார். அது ஏன், அந்தக் காலின் பாதத்தை வேறு மாதிரி செய்திருந்தால் சரியாகியிருக்குமா என்று சின்ன வயதிலிருந்தே யோசித்துக்கொண்டிருப்பேன். இங்கே பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று ஒரு படிப்பு இருப்பது தெரிந்ததிலிருந்து மனம் அங்கேயும் ஓடுகிறது. 1401 எடுத்தால் மெடிக்கல் ஸ்கூலில் மட்டமாகப் பார்ப்பார்களா? கால்குலஸைத் தொட்டே பார்க்காத நான் 2425-ஐத் தாங்குவேனா? (பெயர் வேண்டாம், ஹூஸ்டன்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். ஆகஸ்டில் தொடங்கும் இந்த ஃபாலில் இரண்டு பிசிக்ஸும் வேண்டாம். கோடையில் பிரீகால்குலஸ் எடுங்கள், ஃபாலில் கால்குலஸ் ஒன்று எடுங்கள். நவம்பரில், அடுத்த ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டருக்கான பதிவு திறக்கும்போது பிசிக்ஸைத் தேர்ந்தெடுங்கள். அப்போது உங்கள் கேள்விக்கான விடை பாதிக்கு மேல் உங்கள் கையிலேயே இருக்கும்.

மெடிக்கல் ஸ்கூல் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கும் உடனே பதில். 1401 எடுத்தவர்களை எந்த மருத்துவக் கல்லூரியும் மட்டமாகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் டாக்டராகும் மாணவர்களில் ஏராளமானோர் அல்ஜீப்ராவும் டிரிக்னாமெட்ரியும் மட்டும் வைத்து நடத்தப்படும் பிசிக்ஸைத்தான் படித்துவிட்டுப் போகிறார்கள். அது அவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்ட பாடம்.

இந்த எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, புதிதாக வந்தவர்களுக்கு யாரும் இதை உட்கார வைத்துச் சொல்வதில்லை. டெக்சாஸில் பொதுப் பாட எண் முறை இருக்கிறது. முதல் இலக்கம் எந்த வருடப் பாடம் என்பதைக் காட்டும், இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பதைக் காட்டும். 1401-ம் அதைத் தொடரும் 1402-ம் டிரிக்னாமெட்ரி வழி, சுருக்கமாக டிரிக் வழி. 2425-ம் 2426-ம் கால்குலஸ் வழி. இரண்டு வழியிலும் லேப் உண்டு, கிரெடிட்டும் நான்கு நான்குதான். 2425-க்குள் நுழைய கால்குலஸ் ஒன்று, அதாவது மேத் 2413 வேண்டும். 2426-க்கு கால்குலஸ் இரண்டு, 2414. ஆக, நீங்கள் விரும்பினாலும் இந்த ஃபாலில் 2425-க்குள் போக முடியாது. மாமா அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் என்ன? ஒன்று சுலபம், மற்றது கஷ்டம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது மேலோட்டமான பேச்சு. இரண்டையும் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். நியூட்டன் விதிகள், ஆற்றல், உந்தம், சுழற்சி, மின்சாரம், காந்தம், ஒளி எல்லாம் இரண்டிலும் வரும். ஒன்று மாறிக்கொண்டே இருக்கும்போது அதை எப்படிக் கையாள்வது என்ற இடத்தில்தான் வழி பிரிகிறது.

உங்களுக்குப் பிடித்த இடத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு சுருள்வில்லை இழுக்கிறீர்கள். இழுக்க இழுக்க அது எதிர்க்கும் விசை சீராகக் கூடுகிறது. 10 செ.மீ. இழுத்தபோது விசை 200 நியூட்டன் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு வேலை செய்தீர்கள்? 1401 வகுப்பில் இப்படிச் செய்வோம்: விசை பூஜ்யத்தில் தொடங்கி 200-ல் முடிந்தது, சராசரி 100, தூரம் 0.1 மீட்டர், ஆக வேலை 10 ஜூல். விசைக்கும் தூரத்துக்கும் வரைபடம் போட்டால் கீழே ஒரு முக்கோணம் வரும், அதன் பரப்புதான் இது. 2425 வகுப்பில் இதையே கால்குலஸ் முறையில் தொகையிட்டு (integration) எடுப்போம். விடை அதே 10 ஜூல்தான். இந்தக் கணக்குக்கு கால்குலஸ் ஒரு நயா பைசா கூடுதல் லாபம் தராது.

இப்போது சுருள்வில்லுக்குப் பதில் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொலாஜன் இழைகள் ஓய்வில் இருக்கும்போது நெளிநெளியாகச் சுருண்டிருக்கும். முதலில் இழுக்கும்போது அந்த நெளிவு மட்டும் நிமிர்வதால் லேசாக இடம் கொடுக்கும். நெளிவு போனபின் சட்டென்று இறுகிக்கொள்ளும். வரைபடம் நேர்கோடாக இருக்காது, முதலில் படுத்துக் கிடந்து பிறகு எழும்பும் வளைகோடாக இருக்கும். இங்கே தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் தப்பான விடை வரும். உதாரணத்துக்கு, விசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று எடுத்துக்கொண்டால், அதே 10 செ.மீ.க்கு அதே 200 நியூட்டனில் முடிந்தாலும் வேலை 10 ஜூல் இல்லை, 6.7 ஜூல்தான். அரைவாசி என்று இருந்தது மூன்றில் ஒன்றாகிவிட்டது. அந்த மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது என்பதை 1401-இல் என்னால் கரும்பலகையில் காட்ட முடியாது. வரைபடத் தாளில் கட்டங்களை எண்ணச் சொல்லலாம், இல்லையென்றால் சூத்திரமாகக் கொடுக்கலாம். 2425-இல் ஒரே வரியில் வந்துவிடும்.

ஒருவர் நடக்கும்போது பாதம் எவ்வளவு ஆற்றலைச் சேமித்து எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று கணக்கிட்டு செயற்கைப் பாதம் வடிவமைப்பவருக்கு இந்த வளைகோட்டின் கீழ்ப் பரப்புதான் அன்றாட வேலை. அந்தப் பாதத்தை அணிந்து வரும் நோயாளியைக் கவனிக்கும் மருத்துவருக்கு, ஆற்றல் எங்கே சேருகிறது, எங்கே வீணாகிறது என்ற புரிதல் போதும். இரண்டு பாடமும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை.

இன்னொரு வித்தியாசம் வீட்டுப்பாடத்தில் தெரியும். 1401-இல் பெரும்பாலும் எண்களைக் கொடுத்து எண்ணை விடையாகக் கேட்போம். 2425-இல் பல கணக்குகளில் எண்ணே இருக்காது. நிறை, கோணம், உராய்வு எல்லாம் எழுத்துகளாக இருக்கும், விடையும் எழுத்தாகவே வர வேண்டும். நான்கைந்து படி தாண்டித்தான் விடைக்கு வர முடியும். கால்குலஸைவிட இதுதான் மாணவர்களை அதிகம் மிரட்டுகிறது. மாறாக, 1401-இல் சூத்திரங்களை நினைவில் வைக்கும் சுமை கூடுதல். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் நிலைமத் திருப்புத்திறனை எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்துக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று, கோளத்துக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று என்று அட்டவணையாகத் தருவோம், அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். காரணம் தெரியாமல் எதையும் ஏற்காத சுபாவம் உள்ளவர்களுக்கு 1401 உண்மையிலேயே எரிச்சலாக இருக்கும். அப்படிப்பட்ட சிலர் 2425-இல் நிம்மதியாகப் படித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் வாதத்துக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. கால்குலஸ் இல்லாததும் பிசிக்ஸ்தான். விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதை கலிலியோ 1638-இல் வெளியிட்டபோது நியூட்டன் பிறக்கவே இல்லை. வடிவியலை வைத்தே அதை நிறுவினார். சுருள்வில்லுக்கு நாம் மேலே போட்ட முக்கோணமும் ஏறக்குறைய அதே உத்திதான்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். "கால்குலஸைத் தொட்டே பார்க்காத நான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தமிழ்நாட்டுப் புதிய பாடத்திட்டத்தில் படித்தவர். பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தின் இரண்டாவது அலகு, இயக்கவியல், ஞாபகம் இருக்கிறதா? வெக்டருக்குப் பிறகு வகைக்கெழு (derivative), அதாவது ஒன்று மாறும் வேகம், வரும். திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியின் வகைக்கெழு, முடுக்கம் என்பது திசைவேகத்தின் வகைக்கெழு என்று அதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பியூர் சயின்ஸ் குரூப்பாக இருந்தாலும் அந்த இயற்பியல் புத்தகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கணக்கு வகுப்பு இல்லாமல் அதைப் படித்ததால் மந்திரம் போல மனப்பாடம் செய்து தாண்டியிருப்பீர்கள். பரவாயில்லை. தொடவே இல்லை என்பது மட்டும் உண்மையில்லை. அந்தப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது ஒருமுறை அந்த அலகைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். டிரிக்னாமெட்ரி முடித்த கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும்.

அதைவிட முக்கியமான விஷயம், இரண்டு வகுப்பிலும் மாணவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் கால்குலஸ் இல்லை. சைனா (sin) காஸா (cos) என்பதில் சறுக்குகிறார்கள். விசைப்படம் போடாமல் நேரே சூத்திரத்துக்குப் பாய்வதில் சறுக்குகிறார்கள்.

உங்களையே ஒரு கணக்குப் போட வைக்கிறேன். முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாக நீட்டி, உள்ளங்கையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்திருக்கிறீர்கள். பையின் எடை ஏறக்குறைய 50 நியூட்டன். முழங்கை மூட்டிலிருந்து பை 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் பைசெப்ஸ் தசை மூட்டிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் எலும்பில் ஒட்டியிருக்கிறது. தசை நேர் மேலே இழுத்தால் எவ்வளவு விசை வேண்டும்? மூட்டைச் சுற்றித் திருப்பு விசைகள் சமமாக இருக்க வேண்டும். 50 பெருக்கல் 35, வகுத்தல் 5. ஆக 350 நியூட்டன். கையில் இருப்பது 5 கிலோ, தசை சுமப்பது அதைப் போல ஏழு மடங்கு. முன்கையின் சொந்த எடையைச் சேர்த்தால் இன்னும் கூடும். இப்போது தசை நேர் மேலே இழுக்காமல், முன்கையோடு 60 டிகிரி கோணத்தில் சாய்வாக இழுக்கிறது என்றால்? விசையின் சைன் பாகம் மட்டும்தான் தூக்க உதவும். 350-ஐ 0.866-ஆல் வகுத்தால் சுமார் 404 நியூட்டன்.

இதில் கால்குலஸ் எங்கேயும் இல்லை. ஆனாலும் வகுப்பில் கொடுத்தால் ஒரு பகுதி 60 டிகிரிக்கு காஸ் போட்டு 700 என்று எழுதுவார்கள். இன்னொரு பகுதி 35 செ.மீ.ஐ மறந்துவிட்டு 50-ஐயே எழுதுவார்கள். 2425 மாணவர்களும் இதில் அடக்கம். இந்தக் கணக்கை நான் தந்த விடையைப் பார்க்காமல், படம் போட்டு, உங்களால் மறுபடி போட முடிந்தால் எந்த பிசிக்ஸுக்கும் நீங்கள் தயார் என்று தயங்காமல் சொல்வேன். உங்கள் தாத்தா படி இறங்கும்போது கணுக்காலில் என்ன நடந்தது என்பதும் இதே வகைக் கணக்குதான். உடல் எடை பாதத்தின் எந்த இடத்தில் விழுகிறது, மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று தொடங்க வேண்டும்.

கணக்குப் போடத் தெரிந்தும் கருத்து பிடிபடாமல் போவது எங்கும் உள்ள சிக்கல். 1992-இல் டேவிட் ஹெஸ்டனஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளரும் அவருடன் இருந்த ஆசிரியர்களும் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். அதில் ஒரு சூத்திரம்கூட இல்லை. கனமான பந்தும் லேசான பந்தும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தால் என்ன, லாரியும் காரும் மோதினால் எது எதன் மீது அதிக விசை செலுத்தும் என்ற ரகக் கேள்விகள். கால்குலஸ் பிசிக்ஸ் படித்த பல்கலைக்கழக மாணவர்களே அதில் தடுமாறியது பிசிக்ஸ் ஆசிரியர்களை உலுக்கிவிட்டது. நாங்கள் பாடம் நடத்தும் முறையே அதற்குப் பிறகு மாறியது. கால்குலஸ் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் பிசிக்ஸ் ஆழமாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது செமஸ்டரில் மட்டும் கதை கொஞ்சம் மாறுகிறது. 2425-இல் கால்குலஸ் உப்பு அளவுக்குத்தான் வரும். 2426-இல் காஸ் (Gauss) விதி, ஆம்பியர் விதி என்று பரப்பின் மீதும் பாதை நெடுகவும் தொகையிடும் குறியீடுகள் வந்து நிற்கும். கால்குலஸ் மூன்றில் சொல்லித்தரும் சங்கதிகளை, அந்த வகுப்புக்குப் போகாத மாணவர்களிடம் சமச்சீரைக் காட்டி எளிமையாக்கி நடத்துவோம். பலருக்கு மூச்சு முட்டும் இடம் இதுதான். ஆனால் அங்கேயே ஓர் அழகும் இருக்கிறது. மின்தேக்கி ஒன்று மின்தடை வழியாக மின்னூட்டம் இழக்கிறது. எந்த நொடியிலும் அது இழக்கும் வேகம் அப்போது மிச்சமிருக்கும் மின்னூட்டத்துக்கு ஏற்ப இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை வகைக்கெழுச் சமன்பாடாக எழுதித் தீர்த்தால், அந்தச் சுற்றுக்கே உரிய ஒரு நேர மாறிலி கழிந்ததும் 37 சதவீதம் மிச்சமிருக்கும் என்று தானாக வந்து நிற்கும். 1402-இல் இதையே சூத்திரமாகத் தருவோம். இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் மின்னூட்டத்தை விடுவதும், பல மருந்துகள் ரத்தத்திலிருந்து குறைவதும், கதிரியக்க அயோடின் சிதைவதும் இதே சமன்பாடுதான். மருத்துவம் படிக்கிறவருக்கும் அது ஒரு செல்வம், ஆனால் கட்டாயம் இல்லை.

மெடிக்கல் வழியின் நடைமுறையைப் பார்ப்போம். மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டில் பிசிக்ஸ் வரும் பகுதியில் 95 நிமிடத்தில் 59 கேள்விகள். அதில் ஏறக்குறைய கால்பங்குதான் பிசிக்ஸ், மிச்சமெல்லாம் பெரும்பாலும் கெமிஸ்ட்ரியும் பயோகெமிஸ்ட்ரியும். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. கால்குலஸ் கேட்க மாட்டார்கள். திரவ அழுத்தம், ரத்தக்குழாய் ஓட்டம், லென்ஸ், ஒலி, மின்சுற்று என்று உடலோடு ஒட்டிய தலைப்புகள்தான் நிறைய. 1401, 1402 வரிசை இவற்றில் பொறுமையாக நின்று போகும். இன்ஜினியரிங் மாணவர்களுக்கான வகுப்பில் சில ஆசிரியர்கள் திரவங்களையும் ஒளியியலையும் ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். அப்புறம் கிரேடு. விண்ணப்பத்தில் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நான்கையும் சேர்த்து அறிவியல் ஜி.பி.ஏ., அதாவது கிரேடுகளின் சராசரி, தனியாகக் கணக்கிடுவார்கள். 2425-இல் வாங்கிய 'சி'யை, "கஷ்டமான வகுப்பாச்சே" என்று யாரும் 'பி'யாகப் பார்க்கப்போவதில்லை. மருத்துவம் மட்டும்தான் என்றால் உங்கள் தோழிகள் சொல்வது முழுக்கச் சரி, 1401 எடுத்து நன்றாகப் படியுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்ஜினியரிங் என்றால் பேச்சுக்கே இடமில்லை. ஹூஸ்டன் பல்கலைக்கழகம், டெக்சாஸ் ஏ அண்ட் எம், யூ.டி. ஆஸ்டின் எங்கே போனாலும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்கு கால்குலஸ் வழி பிசிக்ஸ்தான். 1401-ஐ அங்கே கொண்டுபோனால் டிகிரிக்கு உதவாது, 2425-ஐ முதலிலிருந்து எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. 2425, 2426 முடித்தவர் பிறகு மனம் மாறி மருத்துவத்துக்கு விண்ணப்பித்தால் அந்த பிசிக்ஸ் அப்படியே செல்லும். இது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. முடிவாகாதவர்களுக்கு நான் பொதுவாக கால்குலஸ் வழியைச் சொல்வதற்கு இந்த ஒரு காரணம்தான், கௌரவம் அல்ல.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அது இல்லை. செயற்கைக் கால், கை ஆகியவற்றை நோயாளிக்கு அளவெடுத்து, பொருத்தி, நடக்கப் பழக்கி, சரிபார்த்துக்கொண்டே இருக்கும் தொழில் இங்கே தனியான மருத்துவத் துறை. அதற்கு முதுகலைப் படிப்பு வேண்டும். உங்கள் ஊரிலேயே பேலர் காலேஜ் ஆஃப் மெடிசினில் அந்தப் படிப்பு இருக்கிறது, டாலஸில் யூ.டி. சவுத்வெஸ்டர்னிலும் இருக்கிறது. பொதுவாக இந்தப் படிப்புகளுக்கு டிரிக் வழி பிசிக்ஸ் போதும். ஆனாலும் அவர்கள் வெளியிடும் முன்தகுதிப் பட்டியலை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். தாத்தாவின் ஜெய்ப்பூர் கால் 1960-களின் இறுதியில் உருவானபோது அதன் பின்னால் இருந்தவர்கள் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு அறுவை மருத்துவரும். வெறுங்காலோடு நடக்கவும் தரையில் குந்தி உட்காரவும் தோதான பாதம் அது. நோயாளியைத் தெரிந்தவரும் பொருளைத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை. இதில் நீங்கள் எந்தப் பக்கம் உட்கார ஆசைப்படுகிறீர்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. 1401, 2425 எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் டாக்டர் என்ற சொல் வீட்டு ஆசையோடு சேர்ந்து ஒரே ஒரு வரியில் வருகிறது. தாத்தாவின் பாதமோ, அவர் படி இறங்கிய விதமோ பத்தியின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. இதை வைத்து நான் தீர்ப்பு எழுத முடியாது. மருத்துவராகி அதே பாதத்தைப் பற்றி யோசிக்கவும் முடியும். ஆனால் இந்தக் கேள்வியை மனதில் வைத்திருக்கும் ஒருவர், இன்ஜினியரிங் கதவை ஒரு செமஸ்டர் அவசரத்துக்காக இப்போதே மூடிவிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அதனால்தான் அந்தத் திட்டம். கோடையில் பிரீகால்குலஸ், மேத் 2412. டிரிக்னாமெட்ரி முடித்தவருக்கு அதில் பாதி தெரிந்த பாடமாகவே இருக்கும். ஆனால் கோடை வகுப்பு ஓட்டமாக ஓடும், நீங்கள் வேலைக்கும் போகிறீர்கள் என்றால் அந்த வாரங்களில் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். ஃபாலில் கால்குலஸ் ஒன்று. கூடவே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒன்று எடுங்கள், மருத்துவத்துக்கு எப்படியும் வேண்டும். டெக்சாஸ் மருத்துவக் கல்லூரிகள் புள்ளியியலும் கேட்பதால் 1342-ஐயும் அப்போதே சேர்த்துவிடலாம். ஆக, பிசிக்ஸைத் தள்ளிவைப்பதால் ஒரு செமஸ்டரும் வீணாகவில்லை.

நவம்பரில் உட்கார்ந்து பாருங்கள். கால்குலஸில் 'பி' அல்லது அதற்கு மேல் வரும் போலிருக்கிறது, பாதத்தைப் பற்றிய யோசனையும் விடவில்லை என்றால் ஸ்பிரிங்கில் 2425, அதோடு கால்குலஸ் இரண்டு. கால்குலஸ் உங்களை வாட்டி எடுத்தாலோ, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் மருத்துவமும்தான் என்று தெளிவாகிவிட்டாலோ ஸ்பிரிங்கில் 1401. இரண்டு முடிவுமே நல்ல முடிவாகத்தான் இருக்கும், ஏனென்றால் உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து வந்திருக்கும்.

இடையில் ஒரு சின்ன பயிற்சி. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் இரண்டு வகை பிசிக்ஸ் பாடநூலையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. இரண்டிலும் வேலை, ஆற்றல் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், படங்களும் கணக்குகளும் போதும். எந்தப் புத்தகத்தில் உங்களுக்குக் கேள்வி வருகிறது, எதில் தூக்கம் வருகிறது என்று கவனியுங்கள். ஆகஸ்டுக்குள் செய்துவிடுங்கள்.

கடைசியாக 1401-இல் நீங்கள் பிடித்து வைத்திருக்கும் இடம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் இளங்கலை முடியும்வரை மொத்தம் ஆறு வகுப்புகளுக்கு மேல் டிராப் செய்ய முடியாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அது செமஸ்டர் தொடங்கி, வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கல்லூரி கணக்கெடுக்கும் சென்சஸ் தேதி தாண்டியபின் விடும் வகுப்புகளுக்குத்தான். ஃபாலில் வழக்கமான நீளமுள்ள வகுப்புக்கு அது பன்னிரண்டாவது வகுப்பு நாள். இப்போதே நீக்கினால் அந்தக் கணக்கில் வராது, டிரான்ஸ்கிரிப்டிலும் தடயம் இருக்காது, கட்டணமும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் உடனே நீக்க வேண்டாம். முதலில் கோடை 2412-இல் இடம் வாங்குங்கள், பிறகு ஃபால் 2413-க்குப் பதிவு செய்யுங்கள். 2412 முடியும் முன்பே 2413-க்குப் பதிவு செய்ய உங்கள் கல்லூரி அனுமதிக்கிறதா என்று அட்வைசரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சாக வேண்டாம். அந்த இரண்டு இடமும் உறுதியான அன்றைக்கு 1401-ஐ விடுங்கள்.